எழுத்துள்ள மூலை கடைசிக்கு

சனிக்கிழமை காலை நோர்வேயில், மோர்டென்ஸ்ருட் பகுதியிலுள்ள எங்கள் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மருமகள் யாழினி போனைக் கீழே வைத்துவிட்டு, "மாமி, அப்பா மோசம் போயிட்டாராம்" என்றாள். ஹவுகெட்டோவில் தனியாக இருந்தவர். நித்திரையிலேயே உயிர் பிரிந்திருந்தது. நான் அடுப்பை அணைத்தேன்.

என் சம்பந்தி சதாசிவம் அவர்களை இங்கே பலருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். பேரப்பிள்ளைகள் தாங்கள் எழுதித் தரட்டுமா என்றார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனாலும் அவருடைய சமையலைப் பற்றி எழுத இந்தக் குடும்பத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டவர், நோர்வேக்கு வருமுன் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள கோர்ன்வாலில் ஒரு பேக்கரியில் வேலை செய்தார். அங்கே கைப்பழக்கமானது பாஸ்டி. மாவை வட்டமாகத் தேய்த்து, உள்ளே இறைச்சியும் கிழங்கும் வைத்து மடித்து, ஓரத்தைக் கயிறு போல முறுக்கி அவணில் சுடுவது.

யாழினிக்கும் என் மகனுக்கும் கலியாணம் பேச வந்த அன்று பழத்தட்டோடு பாஸ்டியும் கொண்டுவந்தார். ஒவ்வொன்றின் மூலையிலும் மாவால் ஓர் எழுத்து. பரமேஸ்வரி எனக்கு 'ப'.

"அங்கை சுரங்க வேலைக்காரர் இதைப் பாதியில வைச்சிட்டுப் போவினம், அக்கா. வந்து பாக்கேக்கை ஆருடையது எண்டு தெரியவேணும். எழுத்துள்ள மூலையைக் கடைசியாச் சாப்பிடுங்கோ."

"உள்ளுக்கு என்ன தாளிச்சனீங்கள்?"

"ஒண்டும் தாளிக்கேல்லை. ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, கோல்ரூட் எண்டு இஞ்சை விக்கிற மஞ்சள் கிழங்கு, வெங்காயம், உப்பு, மிளகு. எல்லாம் பச்சையா வைச்சது. தன்ரை சாறிலேயே அவியும்."

நான் ஓரத்தை மட்டும் கிள்ளிச் சாப்பிட்டேன். அடுத்த முறை நானே, ஊரில் எண்ணெயில் பொரிக்கும் பற்றீசுக்கு வைப்பது போல உள்ளே இறைச்சிக் கறி வைத்து, பாஸ்டி சுட்டுக் கொடுத்தேன். முழுவதும் சாப்பிட்டு முடித்துத்தான் சொன்னார்: "நல்ல பற்றீஸ், அக்கா. எண்ணெயில போட மறந்திட்டியள்."

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, குங்குமப்பூ போட்ட பணிஸ் கொண்டுவருவார். "மஞ்சள் கூடிப்போச்சு" என்பேன். "உங்களுக்கெண்டு பாதிக் குங்குமப்பூதான் போட்டனான்" என்பார். வருடங்கள் இப்படியே போயின.

தகனம் முடிந்து, எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு வந்தது. இறந்தவர் விரும்பியதைச் சமைத்துப் படைத்து, அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே இருப்போம். அவருக்கென்று அது ஒரு தரம்தான். பிழைத்தால் திருத்த முடியாது.

"மாமி, பாஸ்டி வேணும். அப்பா செய்யிற மாதிரி. உங்கட மாதிரி வேண்டாம்."

"நான் எப்ப என்ரை மாதிரிச் செய்தனான்?"

"எப்பவும்."

குறொன்லாண்ட் கடைத்தெருவில் ஆட்டிறைச்சி வாங்கினோம். சிறிதாக வெட்டிப் பச்சையாகவே வைத்தேன். கை மிளகாய்த்தூள் போத்தலை நோக்கிப் போனது. யாழினி அதை எடுத்து உடுப்பு அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். மூலையில் 'ச' ஒட்டினேன். படையலுக்குச் சமைப்பதை ருசி பார்ப்பதில்லை. அவணுக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

கதவு திறந்த பின் படைத்ததைப் பகிர்ந்தார்கள். யாழினி ஒரு துண்டு வாயில் வைத்தாள். கொஞ்ச நேரம் மென்றாள்.

"ஓம் மாமி. இது அப்பான்ரைதான்."

பிறகு நானும் சாப்பிட்டேன். இறைச்சி நன்றாக அவிந்திருந்தது. எல்லோரும் எடுத்த பின்னும் எழுத்துள்ள மூலை தட்டிலேயே இருந்தது. ஒருவரும் தொடவில்லை.

சம்பந்தி, பாதியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். யாருடையது என்று எங்களுக்குத் தெரியும். போய் வாருங்கள்.