தூதர் காத்திருந்த மரம்

ஒருவருடைய வீட்டைக் காப்பாற்றுவதற்காக அவர் சொன்னதை மாற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருந்ததா? மலேசியாவில், திகாம் பத்துவுக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில், பிரேசில் நாட்டுத் தூதருக்கு மொழிபெயர்ப்பாளனாக நின்ற அன்று இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

சுங்கைப் பட்டாணியிலிருந்து காரில் வரும்போதே தூதர் தம்மைப் பற்றிச் சொல்லியிருந்தார். இளம் வயதில் தேர்வெழுதி வெளியுறவுப் பணியில் சேர்ந்தவர். ஆப்பிரிக்காவில் நெடுங்காலம் இருந்தவர். இடையில் அவரை அழைத்து நில விவகாரங்களுக்கு அமைச்சராக்கினார்கள். ஆட்சி மாறியதும் தம் பழைய பணிக்கே திரும்பிவிட்டார். அமைச்சர் நாற்காலியிலிருந்து இறங்கி மறுபடியும் கோப்புகளைச் சுமக்கிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை. அவர் ஊரில் ரப்பர் மரங்கள் காட்டுக்குள் ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்குமாம். இங்கே வரிசையாக நின்றவற்றைக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. விடியுமுன் தொடங்கும் பால் வெட்டு எப்போதோ முடிந்திருந்தது. ஆனாலும் விருந்தினருக்குக் காட்டிப் படம் பிடிக்க வேண்டுமே என்று தோட்டத்துக் கணக்கரான கிராணி, பால் வெட்டும் ஓர் அக்காவை நிறுத்தி வைத்திருந்தார். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளை இடிக்கப் போகிறார்கள். மகள் பள்ளி இறுதியான எஸ்.பி.எம். தேர்வு முடிக்கும்வரை இருக்கவிடுங்கள் என்று அந்த அக்கா எழுதிய கடிதம் மேலாளரின் மேசையில் முடிவுக்காகக் காத்திருப்பதாகக் கிராணி சொன்னார். மேலாளரும் எங்களோடு நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது.

“ஒரு கோடு போட்டுக் காட்டும்மா,” என்றார் கிராணி.

“காலையில வெட்டுன மரம் கிராணி இது. மரத்துல கட்டுன மங்குல பால் இன்னும் சொட்டுது பாருங்க. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டணும்னு நீங்கதானே ஏசுவீங்க? இப்ப படம் புடிக்க நான் மரத்தக் காயப்படுத்தணுமா?”

“அக்கா, ஒரே ஒரு கோடுதான் லா,” என்றேன் நானும் மெதுவாக.

“ஒங்களுக்கு ஒரு கோடு தம்பி. மரத்துக்கு அது பட்டை.”

தூதர் என்னைப் பார்த்தார். மேலாளரும் பார்த்தார். அந்தக் கடிதம்தான் என் மனத்தில் நின்றது. “கூச்சப்படுகிறார்,” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

தூதர் சிரித்தார். “அவர் பேசியது நீளம். நீங்கள் சொன்னது ஒரு சொல். நான் அமைச்சராக இருந்தபோது என்னைச் சுற்றியிருந்தவர்களும் இப்படித்தான் சுருக்கினார்கள். மக்கள் நிலத்தை விட்டுக் கிளம்பிய பிறகுதான் அந்த மக்கள் அதற்கு மறுத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியவந்தது. முழுவதையும் சொல்லுங்கள்.”

சொன்னேன். கிராணியின் முகம் சுண்டியது. மேலாளரின் முகத்தில் என்ன இருந்தது என்று பார்க்க எனக்குத் துணிவில்லை.

அதன்பின் தூதர் செய்ததை இன்றும் வியக்கிறேன். யாரையும் கண்டிக்கவில்லை. அக்காவுக்காகப் பரிந்தும் பேசவில்லை. மேலாளரின் கையைப் பற்றிக் குலுக்கினார். “விருந்தாளியைவிட மரத்தைப் பெரிதாக நினைக்கும் தொழிலாளியை வைத்திருக்கிறீர்கள். எங்கள் நாட்டிலிருந்து வந்த மரம். நன்றி சொல்ல வேண்டியவன் நான். இது மறுபடி எப்போது வெட்டுக்கு வரும்?” என்று கேட்டார். நாளை மறுநாள் என்று அக்கா சொன்னதை மொழிபெயர்த்தேன். “அன்றைக்கு வர உங்கள் அனுமதி வேண்டும்,” என்றார் மேலாளரிடம். மேலாளர் புன்னகைத்துத் தலையசைத்தார். அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டவர், அதற்குக் காரணமான பெண்ணை எப்படித் தண்டிப்பார்? ஒரு தூதரின் பல ஆண்டுப் பயிற்சி முழுதும் அந்தச் சில வாக்கியங்களில் இருந்தது.

மறுநாள் ஜித்ராவில் அவருக்கு வேறு நிகழ்ச்சி. அதை முடித்து, சொன்னபடியே அடுத்த நாள் விடியலில் தோட்டத்துக்கு வந்து, கொசுக்கடியோடு நின்று பார்த்தார்.

“இவரு உண்மையிலே மந்திரியா இருந்தவரா தம்பி? சொன்ன நேரத்துக்கு வந்துட்டாரே,” என்றார் அக்கா, கத்தியை எடுத்தபடி. இதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். தூதர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

அந்த மாத இறுதியில் மேலாளர் அக்காவின் கடிதத்தில் சம்மதம் எழுதிக் கையொப்பமிட்டார். மகள் கடைசித் தாளை எழுதி முடிக்கும்வரை அக்காவின் குடும்பம் அதே வீட்டில் இருந்தது.