கறளில் செய்த கிளி

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி புத்தகத் தமிழில் எழுதுகிறாள். எதையாவது மாற்றினால், திருப்பி வாசித்துக் காட்டும்போது பிடித்துவிடுவேன்.

பேத்தி இத்தாலியில், இந்தப் பலெர்மோவிலேயே பிறந்தவள், கணினி படித்தவள். எங்கள் சமையலறைக் கணினியில் யுனிக்ஸ் வழிவந்த ஏதோ ஒரு சிஸ்டத்தைப் போட்டுத் தந்தவளும் அவள்தான். அதில் எனக்கு ஒரேயொரு குறை. கதைப்பதைப் பதிந்து யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பும் புரோகிராம் ஒன்றைப் பேத்தி தன் கணினியில் தானே கட்டிப் போட்டிருந்தாள். சிவப்புக் கிளிப் படத்தை அமத்தினால் திறக்கும். என் கணினியில் கிளி இல்லை. அந்தச் சிஸ்டத்தில் எல்லோரும் இலகுவாகப் போடக்கூடிய பொதியாக அதை யாருமே கட்டி வைக்கவில்லையாம்.

"நான் செய்யிறன் அம்மம்மா. கொஞ்சம் மினக்கெடும். ரஸ்டிலை எழுதினது."

"ரஸ்ட் எண்டால்?"

"கறள். இரும்பிலை பிடிக்கிற கறள்."

மறுநாள் கபோ சந்தைக்கு மீன் வாங்கப் போன நான் தேசிக்காயும், அதாவது எலுமிச்சங்காயும், வாங்கிவந்தேன். கறளுக்குத் தேசிக்காயும் உப்பும்தான் சரி. பகேரியாவில் நான் வேலை செய்த வீட்டு இரும்புக் கேற்றை அப்படித்தான் மினுக்கினேன். வீட்டுக்காரச் சின்னோரா அயல்வீட்டாரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினா. அது வேறு கதை. பாதித் தேசிக்காயோடு நான் கணினிக்குக் கிட்டப் போனதும் பேத்தி பாய்ந்து வந்தாள்.

"ஐயோ அம்மம்மா, அது ஒரு மொழியின்ரை பேர்."

"மொழிக்கு ஆரடி கறள் எண்டு பேர் வைச்சது?"

பிறகு விளங்கப்படுத்தினாள். அந்தப் புரோகிராமுக்கு நூற்றுக்கணக்கான சின்னப் பெட்டிகள் வேண்டுமாம். பொதியைக் கட்டத் தொடங்கினால் சிஸ்டக்காரர்கள் இன்டர்நெட்டுக்குப் போக விடமாட்டார்கள், எல்லாவற்றையும் முதலே எடுத்து வைக்க வேண்டுமாம்.

"கடை பூட்டினாப் பிறகு சமைக்கிற மாதிரி," என்றேன்.

"அதேதான்."

அது அவளுடைய முதல் பொதி. சிஸ்டக்காரருக்காகப் பொதிகளைச் சரிபார்ப்பவர் அதை இரண்டு தரம் திருப்பி அனுப்பிவிட்டார். வெள்ளி பின்னேரத்தோடு சிஸ்டத்தின் புதிய பதிப்புக்குப் பொதி எடுப்பதை நிறுத்துகிறார்கள். தவறினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். வெள்ளி மத்தியானம் மூன்றாம் தரம் அனுப்ப ஆயத்தமானாள்.

"அங்காலை திறந்து பாத்தியோ?" என்று கேட்டேன்.

நான் ஊருக்குப் பார்சல் கட்டும்போது சாமான்களைக் கட்டிலில் பரப்பி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துத்தான் கட்டுவேன். அப்படியிருந்தும் அக்கா திறந்த பிறகுதான் ஒற்றைச் செருப்பு எங்கள் கட்டிலுக்குக் கீழே கிடப்பது தெரியவந்தது.

"என்ரை கொம்பியூட்டரிலை வேலை செய்யுதுதானே."

"அது பார்சல் கட்டின வீடு. பார்சல் வந்து சேருற வீட்டிலை திறந்து பார்."

முணுமுணுத்துக்கொண்டு என் கணினியில் பொதியைப் போட்டாள். ஏதோ தட்டினாள், புரோகிராம் திறந்தது. "பாத்தீங்களே?" என்று மூடிவிட்டு எழும்பினாள். நான் கதிரையில் இருந்து கிளியைத் தேடினேன். அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்றுச் சதுரமும் கீழே எழுத்தும்தான் இருந்தன.

"பிள்ளை, கிளி பறந்திட்டுது."

"கீழை பேர் இருக்குதே அம்மம்மா..." என்று தொடங்கியவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

பொதிக்குள் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுத வேண்டுமாம். அதில் கிளிப் படத்தை எழுத மறந்திருந்தாள். அவளுடைய கணினியில் பழைய படம் கிடந்ததால் குறை தெரியவில்லை.

"ஒரு வரி. ஒரேயொரு வரி," என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

வரியைச் சேர்த்து மறுபடி கட்டத் தொடங்கினாள். அது கட்டி முடிய நான் மீன் குழம்பை இறக்கித் தேசிக்காயும் பிழிந்துவிட்டேன். படம் விடுபட்டிருந்ததையும் எழுதி அனுப்பிய பிறகு சோற்றை மூடி வைத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தோம். ஐந்து மணிபோல், நான் குழம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது, பதில் வந்தது. பேத்தி எனக்கு அதை வாசித்துக் காட்டவில்லை, என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். அகப்பை என் கையிலேயே இருந்தது.

"எடுத்திட்டினம் அம்மம்மா. படம் இல்லாததை எப்பிடிக் கண்டுபிடிச்சனீர் எண்டு கேக்கினம்."

"என்ன சொல்லப் போறாய்?"

"வீட்டிலை வாசிக்கத் தெரியாத ஆள் ஒராள் இருக்கிறா எண்டு."

"ஓம், சொல்லு. பெருமையாய்ச் சொல்லு."

கிளியை அமத்தி அக்காவுக்குச் சொன்னேன்: "அக்கா, இஞ்சை கறளிலை செய்த கிளி ஒண்டு கதைக்குது."

அக்காவின் பதில் உடனே வந்தது: "தேசிக்காயாலை தேய்ச்சுப் பாத்தியோடி?"