டோல்கேட்டுக்கு அப்பால் நின்ற புள்ளி

என் வீட்டுக்காரருக்குத் திண்டிவனத்தில் வேலை. தினமும் புதுச்சேரி சாரத்திலிருந்து பைக்கில் போய் வருவார். தமிழ்நாட்டைவிட எங்கள் ஊரில் பெட்ரோல் விலை குறைவு என்பதால், எல்லை தாண்டி ஒரு சொட்டுகூடப் போடக் கூடாது என்பது அவருடைய கொள்கை. "அவனவன் அங்கேர்ந்து இங்க வந்து டேங்க ரொப்பிக்கினு போறான். நான் அங்க போய்ப் போடணுமா?" என்பார். விலை ஏற ஏற டேங்கை நிரப்புவதையும் விட்டுவிட்டார். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் ஊற்றிக்கொள்வார். வரும்போது வண்டி ரிசர்வில் விழுந்தாலும் எப்படியாவது கோரிமேட்டைப் பிடித்துவிடுவார். அங்கேதான் நம் ஊர் பங்குகள் தொடங்குகின்றன. அப்படிப் பிடித்த நாட்களில் பந்தயத்தில் ஜெயித்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைவார்.

முன்பெல்லாம் அவர் வரும்போது வருவார், நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்ப்பேன். ஸ்மார்ட்போன் வந்ததும் கிளம்பும்போது லைவ் லொகேஷன் அனுப்பச் சொன்னேன். மேப்பில் ஒரு புள்ளி நகர்ந்துகொண்டே வரும். அது மொரட்டாண்டி டோல்கேட்டைத் தாண்டினால் உலை வைப்பேன். சூடான சோறு அவருக்கு, நிம்மதி எனக்கு என்றுதான் நினைத்தேன். ஆனால் பயம் அந்தப் போனோடு சேர்ந்தே வீட்டுக்குள் வந்துவிட்டது. புள்ளி கொஞ்சம் மெதுவாகப் போனாலே கைவேலையைப் போட்டுவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள், இருட்டத் தொடங்கிய நேரம். டோல்கேட்டுக்கு அப்பாலேயே புள்ளி நின்றுவிட்டது. அங்கே வண்டியை நிறுத்த டிராஃபிக் சிக்னல் கிடையாது, ஒரு டீக்கடைகூடக் கிடையாது. போன் செய்தேன். ஸ்விட்ச் ஆஃப். திரும்பத் திரும்பச் செய்தேன், அதே பதில்தான். பெட்ரோல் தீர்ந்திருக்கும் என்று மனசைத் தேற்றப் பார்த்தேன். தீர்ந்தால் கூப்பிட்டுச் சொல்வாரே, போன் எதற்கு அணைகிறது? விழுந்து நொறுங்கினால்தானே அணையும்! அதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா அப்போதுதான் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கியிருந்தார். என் வீட்டுக்காரர் அதற்கு வைத்திருந்த பெயர் பொம்மை வண்டி. நான் போனை நீட்டியதும் அக்கா சாவியை எடுத்துவிட்டார்.

"சார்ஜ் இருக்காக்கா?"

"போய்த் திரும்ப இருக்கு. ஏறு, பாத்துட்டு வந்துடலாம்."

பைபாஸில் லாரிகள் சேற்றை வாரி அடித்துக்கொண்டு போயின. நான் போனை மார்போடு பிடித்துக்கொண்டு புள்ளியையே பார்த்தபடி போனேன். டோல்கேட்டைத் தாண்டி, நடுத்தடுப்பில் இடைவெளி வந்த இடத்தில் திரும்பி, புள்ளி இருந்த இடத்துக்கே வந்து நின்றோம். அவர் இல்லை. வண்டியும் இல்லை. சாலையோரத்தில் சிவப்புக் கண்ணாடித் துண்டுகள் கிடந்தன. எந்த வண்டியுடையதோ, என்றைக்கு உடைந்ததோ, நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் தண்ணீர் நிறைந்த பள்ளம். அக்கா டார்ச் அடித்தார்.

"நீயே பாருக்கா, என்னால முடியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

என் கல்யாணத்திலிருந்து அன்றுவரை உள்ள எல்லாம் அந்தச் சில நொடிகளில் கண்முன் வந்துபோயிற்று.

"ஒண்ணுமில்ல. எழுந்திரு" என்றார் அக்கா.

புதுச்சேரி பக்கமாக மெல்லத் திரும்பி வந்தோம். கொஞ்ச தூரத்தில் ஒரு பங்க், பளிச்சென்று விளக்குகளோடு. அங்கிருந்த பெண்ணிடம் விசாரித்தேன்.

"நீலச் சட்டையா? வண்டியத் தள்ளிக்கினு போனாருக்கா. உள்ள வாங்க சார்னு கூப்ட்டேன். வேணாம்மா, கோரிமேடு கிட்டத்தான்னு போய்ட்டாரு."

கோரிமேடு கிட்டத்திலா இருக்கிறது! உயிர் திரும்பிய கையோடு எனக்குக் கோபமும் வந்துவிட்டது. டோல்கேட்டுக்குச் சற்று முன்னால், விளக்கில்லாத ஓரத்தில், குனிந்து வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். நாங்கள் எதிர்ச்சாலையில் போனபோது இருட்டில் அவரைத் தாண்டித்தான் போயிருக்கிறோம்.

"நீ இன்னாத்துக்கு இங்க வந்த?" என்றார். மத்தியானம் கிரிக்கெட் பார்த்துப் பார்த்துக் குறைந்திருந்த சார்ஜ், புள்ளி நின்ற இடத்தில் தீர்ந்து போன் அணைந்துவிட்டதாம்.

"பங்க தாண்டித்தான வந்தீங்க?"

"அங்க ரேட்டு ஜாஸ்தி, தெரியும்ல?"

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு லாரி எங்களை உரசுகிற மாதிரி போயிற்று. அவர் சட்டை படபடத்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. நான் அந்தச் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, நடுரோடு என்றும் பார்க்காமல் அழுதேன். அப்புறம் அக்கா தன் ஸ்கூட்டரை ஓட்டியபடியே ஒரு காலால் எங்கள் பைக்கை உந்தி கோரிமேடு வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார்.

இப்போது ரிசர்வ் விழுந்தால் அந்தப் பங்கில்தான் போடுகிறார். என் தலையில் அடிக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். தெண்டம் என்று முணுமுணுத்தாலும் போடுகிறார். அந்த நாட்களில் புள்ளி அங்கே வந்து நிற்கும். எதற்கு நிற்கிறது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அது மறுபடி நகரும்வரை, அளந்தெடுத்த அரிசியில் கையை விட்டபடி அப்படியே நின்றுகொண்டிருக்கிறேன்.