மூன்றாம் குழாய்க்கு அடுத்த கிணறு

"டீ போடட்டுமா கண்ணு?" என்று தேவசுந்தரி அக்கா கேட்டார்.

"இப்பதான் குடிச்சேன்கா," என்றேன்.

"எங்க குடிச்சே? காலைலேர்ந்து அந்தக் குழாயாண்டதான குந்திகினு கீறே." என் முகத்தையே பார்த்தார். "நீயும் எங்க வூட்டு சமாச்சாரத்தக் கேட்டுட்டியா?"

"என்ன சமாச்சாரம்கா?"

"எம் பொண்ணு பெபி, ஆந்திராவுல நகரிக்காரப் பையன பதிவுக் கல்யாணம் பண்ணிகினது. அன்னிலேர்ந்து எவனும் டீ குடிக்கிறதில்ல. ஒரு வாய் குடிக்கிறான், காச வெச்சிட்டுப் போறான். கேட்டா வயிறு சரியில்லன்றான். ஊருக்கே ஒரே நாள்ல வயிறு கெட்டுப்பூடுச்சா?"

"அதுக்காகவா இருக்கும்?"

"ஆங், வேற இன்னாத்துக்கு? ஆர்.கே.பேட்டை பஸ்ஸையே நிறுத்திகினு குடிச்ச டீ இது." அக்கா வெறும் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். "போன வாரம் வந்தா. ஏழு மாசம். மொதப் பிரசவம் அம்மா வூட்லதான்னு பையோட வந்து நிக்கிறா. உன்னாலதான்டி என் அடுப்பு அவிஞ்சிச்சு, இந்தப் பக்கம் வராதன்னுட்டேன். பையத் தூக்கிகினா. அதே பஸ்ல திரும்பிட்டா."

கே.ஜி.கண்டிகையில் அக்காவின் கடைக்கு அடுத்தாற்போல் ஒரு பெட்ரோல் பங்க். தரைக்கடியில் உள்ள தொட்டி கசிகிறதா என்று பார்க்க, அதைச் சுற்றி ஆறு குழாய்கள் இறக்கியிருந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்திலிருந்து நான் போவேன். தேங்கிய நீரை இறைத்துக் கொட்டிவிட்டு, புதிதாக ஊறுவதைக் குமிழி இல்லாமல் சீசாவில் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்து வர வேண்டும். குமிழி விட்டால் உள்ளே இருப்பது ஆவியாகிவிடும். தண்ணீர் சுத்தம் என்று முடிவு வந்துவிடும். முடிவு பங்க்காரர்களுக்கு மட்டும்தான். வெளியில் பேசக் கூடாது என்று வேலைக்குச் சேரும்போதே என்னிடம் எழுதி வாங்கியிருந்தார்கள்.

மூன்றாம் குழாய் அக்காவின் வேலியை ஒட்டி இருந்தது. அதில் இரண்டு முறை டீசல் வந்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பத்தடியில் அவருடைய கிணறு. டீக்கும் குடிக்கவும் அந்தத் தண்ணீர்தான்.

கொரோனாக் காய்ச்சலில் கணவர் யோபு இறந்துபோனார். பிழைத்த அக்காவுக்கு வாசனை போய்விட்டது. ருசியும் பாதிதான். பெபியும் போன பிறகு, தண்ணீர் நாறுகிறது என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. கடைக்கு வந்தவர்கள், தனியாகப் பிழைக்கிற பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது என்று கூசினார்கள். நானும்தான். முந்தின முறை அவர் கொடுத்த டீயை, அவர் உள்ளே போனதும் வேலியோரம் கொட்டினேன்.

அக்கா பெபியைப் பற்றிச் சொன்ன அன்றாவது வாய் திறந்திருக்கலாம். கையில் காகிதம் இருந்தால்தான் நம்புவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அவர் கிணற்றிலிருந்து ஏழாவதாக ஒரு சீசா நிரப்பினேன். முடிவு வரப் பன்னிரண்டு நாள் ஆனது. அதற்குள் பெபி போன் நம்பரை மாற்றிவிட்டாள்.

காகிதத்தோடு போய்ச் சொன்னேன். "தண்ணில டீசல் இருக்குக்கா. அதான் யாரும் குடிக்கல. பெபியால இல்ல."

அக்கா ஒரு வாளி இறைத்தார். கையில் அள்ளி மோந்து பார்த்தார். மறுபடியும் மோந்தார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலியே கண்ணு," என்றார்.

இப்போது கடை இல்லை. பங்க்காரர்கள் லாரியில் தண்ணீர் அனுப்புகிறார்கள், சில நாள் வரும், சில நாள் வராது. அக்கா திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போகிறார். பெபிக்கு நகரியிலேயே பெண் குழந்தை பிறந்தது. நான் இரண்டு முறை அவளிடம் பேசினேன். "சரி" என்று வைத்துவிட்டாள். இதுவரை வரவும் இல்லை.

அவளிடம் பேசச் சொல்லி அக்காதான் கேட்டார். காகிதத்தோடு போன அன்று கிணற்றடியில், ஈரக் கையைப் புடவையில் துடைக்காமலே நின்றுகொண்டு கேட்டார்:

"நீ தெலுங்கும் படிச்சவதான? அவ மாமியார் நம்பர் ஒண்ணு கீது. நான் பண்ணா, தமிழே தெரியாத மாதிரி வெச்சிடுது. நீ தெலுங்குல கேளு, பெபிகிட்ட குடுக்கும். வாடின்னு கூப்பிடாத. பொறக்கப்போற பச்சப்புள்ளயக் குளிப்பாட்ட இங்க தண்ணி இல்ல. அம்மா சொன்னது தப்புன்னு மட்டும் சொல்லு கண்ணு."