மடியில் மகள், விரலில் நாடி

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம். மயிலாப்பூரில், குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சத்திரத்தில். நான் மேடைக்குப் பக்கத்தில் கையில் வாட்ச்சோடு நின்றேன். முகூர்த்த நேரம் பார்க்கிறேன் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். இல்லை... பெண்ணின் அப்பாவுடைய நாடித் துடிப்பு என் பொறுப்பு!

அந்த அப்பா என் பக்கத்து வீட்டு சேஷாத்ரி. போன வருஷம் ஆபீசில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். பிழைத்து எழுந்ததும் டாக்டர் தினம் நடக்கச் சொன்னார். நடுநடுவே நாடியை எண்ண வேண்டும். ஓர் அளவைத் தாண்டினால் உட்கார்ந்துவிட வேண்டும். அவர் வாட்ச்சில் வினாடி முள் கிடையாது, என்னுடையதில் உண்டு. ஆகவே தினமும் காலையில் மாட வீதிகளில் எங்கள் கூட்டு நடை—விரல் அவருடையது, வாட்ச் என்னுடையது.

நடந்தோமா? எங்கே... கம்பத்துக்குக் கம்பம் நின்று மணிக்கட்டைப் பிடிப்பார். எண்ணும்போதே முகம் வெளுக்கும். ஏறிவிட்டது என்று பால் பூத் ஓரமாக உட்கார்ந்துவிடுவார். பயத்தில் துடிப்பு ஏறும். துடிப்பு ஏறியதைப் பார்த்துப் பயம் இன்னும் ஏறும். நான் கிண்டல் செய்வேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் உதறல்தான். என்னோடு வரும்போது ஏதாவது ஆகிவிட்டால்? மெல்ல மெல்ல எங்கள் நடை தெருமுனையோடு நின்றுபோயிற்று.

இந்த நிலையில்தான் வசந்தாவுக்கு வரன் அமைந்தது. சேஷாத்ரிக்கு ஒரே பெண். அவர்கள் வழக்கப்படி அப்பா நெல் மூட்டைமேல் உட்கார்ந்து பெண்ணை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி இருக்கும்போதுதான் மாப்பிள்ளை தாலி கட்டுவார்.

வீட்டில் ஒரே கலக்கம். ஹோமப் புகை, மேளச் சத்தம், போதாததற்கு மடியில் வளர்ந்த பெண்... இதயம் தாங்குமா? மச்சினர் தான் உட்காருவதாகச் சொன்னார். வசந்தாவும் மாமாவே உட்காரட்டும் என்றாள். சேஷாத்ரி மட்டும் அசையவில்லை. இதையும் விட்டுக்கொடுத்துவிட்டு நான் பிழைத்து என்ன பிரயோஜனம் என்று என்னிடம் கேட்டார்.

கடைசியில் ஓர் ஏற்பாடு. மடியில் பெண் இருக்கும்போதே அவர் தன் நாடியை எண்ணுவார். நான் வாட்ச்சைப் பார்த்து, நிமிஷம் தொடங்கும்போதும் முடியும்போதும் தலையாட்டுவேன். அளவு தாண்டினால் கண்ணைக் காட்டுவார். மச்சினர் வந்து மாறிக்கொள்வார். தாலி ஏறும் நேரத்தில் ஆள் மாறுவதாவது என்று சாஸ்திரிகள் முகம் சுளித்தார்.

முகூர்த்தம் வந்தது. வசந்தா மடியில் உட்கார்ந்தாள். நான் தலையாட்டினேன். சேஷாத்ரி என் பக்கம் திரும்பவே இல்லை. மறுபடி ஆட்டினேன். ஊஹும். கெட்டி மேளம் கொட்டி அட்சதை பறந்தது. எனக்கு வியர்த்து வழிந்தது. அவர் விரல்கள் மணிக்கட்டில்தான் இருந்தன—ஆனால் அது மகளுடைய மணிக்கட்டு.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, இப்படியா ஒரு மனிதனைப் பதற வைப்பது என்று கடிந்துகொண்டேன். சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"கொழந்தை ஒக்காரவே இல்லை ஓய். எனக்குப் பாரமா இருக்கப்படாதுன்னு காலைத் தரையிலே ஊனிண்டு பாதி நின்னுண்டிருந்தா. கையைப் பிடிச்சா, நாடி படபடன்னு அடிச்சுக்கறது. எனக்கு ஒண்ணும் ஆகாதும்மா, நன்னா ஒக்காருன்னேன். அப்பறம்தான் ஒக்காந்தா. அதுக்குள்ளே தாலி ஏறிடுத்து. என் நாடியை யார் பாத்தா?"

இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரசம் கேட்டார். மாதக்கணக்கில் தன் மணிக்கட்டை விடாத மனிதர் அல்லவா?

பயத்துக்கு மருந்து என்ன என்று யாராவது கேட்டால் இனிமேல் சொல்வேன்—நம்மைவிட அதிகமாகப் பயந்துபோயிருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.