மண்டித் தெருவின் நான்கு குழிகள்

எனக்கு ஓரிடத்தில் உட்காரவே வராது. கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். பள்ளிக்கூடத்திலிருந்தே இதற்காகத் திட்டு வாங்கியவள் நான். அப்படிப்பட்டவளைப் பிடித்து, காட்பாடியில் ஒரு ஏசி ஹாலில் மூன்று நாள் பயிற்சிக்கு உட்கார வைத்தார்கள். மழைத் தண்ணீரை ஊருக்குள் எப்படி நடத்துவது என்பதுதான் பாடம்.

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் ஒரு சின்ன நகராட்சியில் நான் பொறியாளர். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே இருப்பவர்களுக்குப் படித்ததுமே தெரிந்துவிடும். சர்க்கார் பயிற்சிகள் எனக்குப் புதிதல்ல. ஒரு பை, ஒரு நோட்டு, எழுதாத பேனா ஒன்று. குரூப் போட்டோவை முதல் நாள் காலையிலேயே எடுத்துவிடுவார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பாதிப் பேர் பஸ் ஏறிவிடுவார்கள் என்று போட்டோ எடுப்பவருக்கும் தெரியும்.

பாடம் எடுத்த பெண் என்னைவிடச் சின்னவர். கோயம்புத்தூர்ப் பக்கம். எடுத்த எடுப்பிலேயே எங்களை வம்புக்கு இழுத்தார்.

"மழைத் தண்ணிய ஊரை விட்டுத் துரத்துறதையே நாம வேலையா வெச்சிருக்கோம். அதைக் கொஞ்சம் நிக்க வைங்க, மெதுவா நடக்க விடுங்க, மண்ணுக்குள்ள இறக்குங்க. ஆனா இறக்கறதுக்கு முன்னாடி, அது எதை எல்லாம் கழுவிட்டு வருதுன்னு போய்ப் பாருங்க."

அந்தக் கடைசி வரியில் என் கால் ஆட ஆரம்பித்தது. ஏனென்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நோட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் மண்டித் தெரு என்று ஒன்று உண்டு. உப்புப் போட்ட பச்சைத் தோல் லாரியில் வந்து இறங்கும் கிடங்குகள் இருக்கும் தெரு. முன்பெல்லாம் அரை மணி மழைக்கே அங்கே முழங்கால் தண்ணீர் நிற்கும். இரண்டு வருடம் முன்பு அந்தத் தெருவுக்குப் புது வடிகால் கட்டும் வேலை என்னிடம் வந்தது. வடிகாலின் ஓரமாக நான்கு இடத்தில் ஆழமாகக் குழி வெட்டி, ஜல்லியும் மணலும் நிரப்பி, மழைத் தண்ணீர் நேராகப் பூமிக்குள் போகும்படி செய்தேன். குழிகள் இருக்கிற தைரியத்தில் வடிகாலைச் சின்னதாகவே கட்டினேன். முதல் பெருமழைக்குத் தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்குவதை என் போனிலேயே வீடியோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினேன். அன்று எனக்குத் தலை கால் புரியவில்லை.

தெருவை அளக்க நான் போனதெல்லாம் வெள்ளிக்கிழமைகளில். அன்று மண்டிக்கு லீவு. மற்ற நாட்களில் லாரியும் வண்டியும் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும், அளவுக் கருவியின் ஸ்டாண்டை நிறுத்தி மட்டம் பார்க்க முடியாது. அதனால் எங்கள் ஆபீஸில் எல்லாருமே மண்டித் தெரு வேலையை வெள்ளிக்கிழமைக்குத்தான் வைப்போம். தெரு துடைத்த மாதிரி இருக்கும். ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் வரை அதே தெருவில் தோலை உதறி உப்பைக் கொட்டுவார்கள். லீவுக்கு முன் அதைக் கூட்டித் தெருவோரம் தள்ளிவிடுவார்கள். அந்தத் தெருவோரத்தில்தான் என் குழிகளின் வாய் இருந்தது.

இது எனக்குத் தெரியாத விஷயமா? அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிற இடத்தில் நின்று டீ குடிப்பவள். பழகிப்போனது கண்ணில் படவில்லை. வரைபடத்தில் சரிவு இருந்தது, மண்ணின் தன்மை இருந்தது. உப்பு இல்லை.

அந்தத் தெருக் கோடியில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மாதான் முதலில் சொன்னது. அவர் வீட்டு போர் தண்ணீர் அந்த வட்டாரத்திலேயே நல்ல தண்ணீர் என்று பெயர் எடுத்தது. சுற்றி எல்லாம் கெட்டுப்போன பிறகும் அது ஒன்று தப்பித்திருந்தது. பக்கத்து வீடுகளும் அதில்தான் குடம் நிரப்பிக்கொண்டிருந்தன.

"இன்னா மேடம், தண்ணி இப்டி கரிக்குது? பருப்பே வேவ மாட்டேங்குது. குழி வெட்னதுல இருந்துதான் பேஜாரா இருக்குது."

ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். உப்பு. துப்பாமல் விழுங்கினேன்.

"வெயில் காலம்மா. ஒரு மழை வந்தா சரியா போய்டும்" என்றேன். பொய். மழை வந்தால் இன்னும் மோசமாகும் என்று அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. அவர் என்னை நம்பி, சரி மேடம் என்று உள்ளே போனார். அந்தச் சரி மேடம் பல மாதமாக என்னை விடாமல் அரித்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம், திரையில் என் வீடியோ ஓடியது. என் குழி, என் ஜல்லி, சுழித்து இறங்கும் தண்ணீர். "நம்ம மாவட்டத்துலயே அருமையான உதாரணம்" என்றார் பாடம் எடுத்தவர். எல்லாரும் கைதட்டினார்கள். நாளைக்கு நான் மேடையேறி ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம்.

என் மேலதிகாரி பக்கத்தில் குனிந்தார். "நாலு வார்த்தை நல்லதா பேசிட்டு எறங்கும்மா. அவார்டு லிஸ்ட்ல உன் பேர் இருக்குது."

இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் வேறொரு தோல் ஊர்ப் பொறியாளர். திரையைப் பார்த்துப் பார்த்து என் குழியை நோட்டில் வரைந்துகொண்டிருந்தார். "எங்க ஊர்லயும் மண்டித் தெரு இருக்குது மேடம். அப்டியே போட்டுர்லாம்" என்று சிரித்தார். தண்ணீர் குடிக்கிறேன் என்று எழுந்து போய், வராந்தாவில் ஏழெட்டு முறை மேலும் கீழும் நடந்தேன்.

மறுநாள் மேடையில் மைக்கைப் பிடித்ததும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அந்தக் குழிகள் தப்பு. உப்பைக் கழுவி ஒரு நல்ல போர் தண்ணீருக்குள் ஊற்றிக்கொண்டிருக்கின்றன. யாரும் இதைக் காப்பி அடிக்க வேண்டாம். என் மேலதிகாரி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாடம் எடுத்தவர் கோபப்படவில்லை. "எப்ப தெரிஞ்சுது?" என்று மட்டும் கேட்டார்.

"கோடைலயே."

"அதுக்கப்புறம் எத்தனை மழை?"

ஜன்னலுக்கு வெளியே பாலாற்றுக்கு மேலே வானம் கறுத்திருந்தது. சர்டிபிகேட்டுக்கு நிற்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முன்வரிசையில் அந்தத் தோல் ஊர்க்காரர் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் மட்டும் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

பஸ் ஊர்ந்தது. சீட்டின் நுனியில் உட்கார்ந்து, எங்கள் ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேருக்குப் போன் மேல் போன் போட்டேன். நான் போய் இறங்கியபோது, களிமண் நிரப்பிய சாக்குகளோடு அவர்கள் மண்டித் தெருவில் காத்திருந்தார்கள். முதல் தூறல் விழும்போது மூன்று குழியின் வாயை அடைத்திருந்தோம். நான்காவது, இட்லிக் கடைக்கு நேர் எதிரே இருப்பது. சாக்கை நானே இழுத்துப் போட்டு மிதித்தேன்.

அந்த அம்மா கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மழை பிடித்துக்கொண்டது. நான் கட்டிய சின்ன வடிகால் கால் மணியில் நிரம்பி வழிந்தது. பழையபடி தெருவில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. கடையின் படியைத் தாண்டி உள்ளே வந்தது. அவர் அரிசி மூட்டையைத் தூக்க, நான் ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தேன். மேஜை மேல் வைத்தோம்.

அப்போதுதான் சொன்னேன், வெயில் காலம் என்று அன்று சொன்னது பொய் என்று. தப்பு என்னுடையது, உங்கள் தண்ணீரைக் கெடுத்தது நான்தான் என்று.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போர் தண்ணி பழையபடி ஆவுமா மேடம்?"

"தெரியலம்மா. ஆவறதா இருந்தாலும் ரொம்ப வருஷம் ஆவும்."

தண்ணீர் எங்கள் கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. அடுப்பை அணைத்தார். பருப்புச் சட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். "நான் போர் போட வந்தவனோட சண்டை போட்டு, நூறு அடி ஜாஸ்தியா போட வெச்சேன், நல்ல தண்ணி வர்ற வரைக்கும்" என்றார். பிறகு காலடியில் சுழலும் தண்ணீரைக் குனிந்து பார்த்தார்.

"இது வரட்டும் மேடம். இது வடிஞ்சிரும்."