தார் பூசிய கார்க்

போன புதன்கிழமை மத்தியானம், என் மச்சானின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

சிரிக்காதீர்கள்.

பழைய பாட்டில் சேர்க்கும் என் பைத்தியம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஈப்போவைச் சுற்றி எங்கே பழைய தோட்டத்தை அழித்துத் தாமான் வீடுகள் கட்டினாலும், மண்ணைக் கிளறிக்கொண்டு நான் நிற்பேன். அந்தப் புதனுக்கு இரண்டு வாரம் முன் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்படித்தான் ஒன்று கிடைத்தது. இளம்பச்சைக் கண்ணாடி. உடம்பெல்லாம் எலுமிச்சை இலையும் பழமும் புடைத்து நிற்கின்றன. அதைவிட அதிசயம் — மூடிய கார்க் மூடியபடியே இருந்தது. உள்ளே முக்கால் பாட்டிலுக்குத் திரவம்! கழுத்தில் கம்பியால் கட்டிய மக்கிய துணி ஒன்று. அந்த அழுக்கைப் பிய்த்து அங்கேயே எறிந்துவிட்டேன்.

அப்புறம் ஆராய்ச்சி. அடியில் இருந்த எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பத்து நாள் இணையத்தில் துழாவினேன். இங்கிலாந்தில் செய்த லைம் ஜூஸ் பாட்டில்! தோட்டத்துத் துரை குடித்ததாகத்தான் இருக்க வேண்டும். கார்க் ஓரமாக மோந்து பார்த்தேன். எலுமிச்சை வாசனை வந்த மாதிரிகூட இருந்தது... நம்ப ஆசைப்படுகிறவனுக்கு எந்த வாசனைதான் வராது?

என்னைப் போலவே பாட்டில் சேர்க்கும் நண்பர்கள் மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாக இருந்தது. "ஆளுக்கு ஒரு ஸ்பூன். துரை குடிச்ச ஜூஸ நாமளும் குடிச்சிப் பாப்போம்" என்று வாட்ஸ்அப்பில் பீற்றிக்கொண்டேன்.

புதன்கிழமைக்கு வருகிறேன். என் மனைவி சரசுவின் அண்ணன் முனியாண்டி — லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர் — கண் ஆபரேஷன் முடிந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். சரசு காய்கறி வாங்கப் பசாருக்குப் போயிருந்தாள். நான் வெளியே போய்விட்டு வந்து பார்த்தால், சாப்பாட்டு மேசையில் வைத்திருந்த பாட்டிலைக் காணோம்.

ஹாலில் மச்சான் சோபாவில் கிடந்தார். ஒரு கண்ணில் கட்டு. வாய் பிளந்திருந்தது. கீழே கிளாஸ், அதன் அடியில் கொஞ்சம் ஜூஸ். காலையில் அவர் காதுபட, 'லைம் ஜூஸ், லைம் ஜூஸ்' என்று பெருமையடித்தது நான்தானே?

பின்வாசலுக்கு ஓடினேன். படியில் பாட்டில் நின்றது. காலி.

என்னைவிட வயசான ஜூஸ்! அதைக் குடித்து மனிதர் போய்ச் சேர்ந்திருந்தால்? சரசுவின் முகத்தில் எப்படி விழிப்பேன்? திரும்பி ஓடிவந்துதான் அந்த விரல் பரிசோதனை. மூச்சு வந்தது. உலுக்கினேன்.

"என்னா மாப்ள, வீடு பத்திக்கிச்சா?"

"மச்சான், அந்த ஜூஸ குடிச்சீங்களா?"

"சரசு கலக்கி வச்சத குடிச்சேன். ஒங்க பாட்டில்ல இருந்தத வேலியோரம் புல்லுல ஊத்திட்டேன்."

பயம் இறங்கிய இடத்தில் கோபம் ஏறியது. "யாரக் கேட்டு ஊத்துனீங்க?"

"கத்தாதீங்க லா. கண்ணு சரியா தெரியல, கையால தடவிப் பாத்தேன். கார்க்கு மேல தாரு. ஜூஸுக்கு எவனாச்சும் தார் பூசுவானா? கழுத்துல கம்பி வேற இருக்கு. செவப்புத் துணி கட்டியிருந்திச்சா?"

துணி இருந்தது. மண்ணோடு மண்ணாகக் கிடந்ததில் நிறத்தை யார் பார்த்தது?

"எங்கப்பா தோட்டத்துல புல்லு சாக மருந்து அடிச்சவரு. அந்த வெஷத்த ஸ்டோர்ல கெடச்ச பாட்டில்ல ஊத்திக் குடுப்பாங்க. லயத்து வீடுங்கள்ல இருந்த கூலிக்காரங்க யாருக்குப் படிக்கத் தெரியும்? அதான் தார் பூசி, செவப்புத் துணி கட்டி வப்பாங்க. அதப் பாத்தா சின்னப் புள்ளைங்ககூட தொடாது மாப்ள."

பயம் திரும்பி வந்தது. முதலில் வந்தது ஒன்றுமே இல்லை என்று தோன்றுமளவுக்கு வந்தது.

எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். பாட்டிலின் அடியில் வெள்ளைக்காரன் எழுதியதைப் பத்து நாள் படித்தேன். கழுத்தில் நம் ஆட்கள் கட்டியதைப் பத்து வினாடியில் பிய்த்து எறிந்தேன். பாட்டில் எங்கே பிறந்தது என்று கண்டுபிடித்த எனக்கு, அது எங்கே வாழ்ந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை வேலியோரம் போய்ப் பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு லாலாங் புல் கருகிக் கிடந்தது. வெட்டினாலும் எரித்தாலும் சாகாத லாலாங்! யார் காலும் படாமல் பலகை போட்டு மூடினேன். ஆளுக்கு ஒரு ஸ்பூன், என்னையும் சேர்த்து நாலு ஸ்பூன்... அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பாட்டில் இப்போது பூட்டிய அலமாரியில் இருக்கிறது. சரசுவின் பழைய சிவப்பு ரவிக்கையைக் கிழித்துக் கழுத்தில் கட்டியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் வந்தார்கள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தேன். சரசு டீ கொண்டுவந்து வைத்தாள். ஆறிக்கொண்டே இருந்தது, யாரும் கிளாஸைத் தொடவில்லை.

நான்தான் முதலில் குடித்துக் காட்ட வேண்டியிருந்தது.